இளநிலை மாணவரின் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆசிரியரின் வழிகாட்டுதலில் பட்டப்படிப்பு மாணவர்கள் செய்யும் ஆய்வுகளுக்கான நிதியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் கடலோரக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்.

கீழக்கரை, இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி: ஐயா, எங்கள் கரையில் இறங்கும் நீலக்கால் நண்டுகளில் சினை நண்டுகள் எவ்வளவு பிடிபடுகின்றன என்பதை ஆறாவது பருவத்தில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். துறை ஆசிரியை வழிகாட்டச் சம்மதித்துவிட்டார். பணத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பது?

கேள்வி கையில் இருக்கிறது, வழிகாட்டியும் கிடைத்துவிட்டார் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகையை நீங்கள் பெற்றிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். 2008 முதல் நடந்துவரும் அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.80,000 என்று சொல்லப்படுவதில் ரூ.60,000 மாணவரின் படிப்புச் செலவுக்கும், ரூ.20,000 கோடை விடுமுறையில் ஓர் ஆசிரியரின் கீழ் செய்யும் ஆய்வுக்கும் உரியவை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் கல்வி வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைக்கும். பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கவும் வேண்டும் என்பதால், அப்போது தவறவிட்டிருந்தால் உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. தம்பி தங்கைகளுக்காவது சொல்லிவையுங்கள்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டங்களுக்கு ஒரு சிறு தொகை தருகிறது. எந்தெந்தப் படிப்பின் இறுதியாண்டு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பே வரையறுக்கும் என்பதால் அதை முழுமையாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் வழிகாட்டி, துறைத் தலைவர், முதல்வர் ஆகியோரின் கையொப்பங்களோடு போகும். பணமும் உங்கள் பெயருக்கு வராமல் கல்லூரிக் கணக்குக்கே வரும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நட்சத்திரக் கல்லூரித் திட்டம் உங்கள் கல்லூரிக்குக் கிடைத்திருக்குமானால், அதிலிருந்து இளநிலை மாணவர்களின் சிறு ஆய்வுகளுக்கு ஒதுக்க முடியும். இதை முதல்வரிடம் நேரடியாகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணமாக வராத உதவியும் உண்டு. நம் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடற்கரைப் பகுதி ஆய்வுத் துறை தொண்டியில்தான் இருக்கிறது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகமே 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை அங்குதான் இருந்தது. உங்கள் ஆசிரியை எழுதும் ஒரு கடிதத்தால் அங்குள்ள நூலகத்தையோ நுண்ணோக்கியையோ சில நாட்கள் பயன்படுத்த அனுமதி கிடைத்தால், அது சில ஆயிரம் ரூபாய் மானியத்துக்குச் சமம்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். நண்டின் ஓட்டு அகலத்தை அளக்க ஒரு வெர்னியர், எடை பார்க்க ஒரு மின்னணுத் தராசு, நீரின் உப்புத்தன்மை பார்க்கக் கையடக்க ஒளிவிலகல்மானி, ஐஸ் பெட்டி, நனைந்தாலும் எழுத்து அழியாத பென்சிலும் அட்டையும், பேருந்துக் கட்டணம்: உங்கள் ஆய்வுக்கு இவற்றுக்கு மேல் தேவையில்லை. சினை நண்டை வாங்கி அறுக்கக்கூட வேண்டாம்; வயிற்று மடலுக்கு அடியில் வெளியே தெரியும்படி ஒட்டியிருக்கும் முட்டைத் திரளின் நிறம் மஞ்சளா, பழுப்பா, கருமையா என்று குறித்துக்கொண்டால் முட்டை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரிய கருவியொன்றை விண்ணப்பத்தில் சேர்த்தால் மதிப்பு கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மதிப்பீட்டாளர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். அதோடு சேர்த்துப் பயணச் செலவையும் வெட்டிவிடுவார்கள் என்பதுதான் வருத்தம்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதும் தொகையைப் போலவே முக்கியம். ஆறாவது பருவம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போகும். வாடைக் காற்று அடங்கி, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முந்திய தை, மாசி, பங்குனி மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதால் இது நல்ல வாய்ப்புதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை மறந்து, மே மாதத்தில் தரவு சேகரிப்பதாக எழுதிவிடாதீர்கள். இதே ஆய்வைப் பாக் நீரிணைக் கரையில் செய்ய விரும்பும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும் மற்ற நாட்களில் நாட்டுப்படகுகளும் போவது நெடுநாள் ஏற்பாடு. கல்லூரி விடுமுறை என்பதற்காக ஞாயிறு மட்டும் கரைக்குப் போனால் ஒரே வகைப் படகின் பிடிப்பை மட்டும் எண்ணிவிட்டு, அதையே கடலின் கணக்கு என்று எழுதிவிடுவீர்கள். வார நாட்களிலும் காலையில் போய்வர உங்கள் ஆசிரியையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

சாயல்குடி, மாணவர் ஒருவரின் தந்தை: என் மகன் ஆய்வு ஆய்வு என்று அலைகிறான். அந்த நேரத்தில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கலாமே? பணமாவது அவன் கைக்கு வருமா?

பெரும்பாலான திட்டங்களில் பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்து, செலவுக்கு ஏற்பவே விடுவிக்கப்படும். அதைச் சம்பாத்தியமாக எண்ண வேண்டாம். மாணவருக்கே உதவித்தொகையும் இரயில் கட்டணமும் தருவது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இரண்டு மாதம் வேறோர் ஆய்வு நிறுவனத்தில் போய் வேலை செய்வார்கள். தேர்வுக்குப் படிப்பதை இது கெடுக்குமா என்றால், வாரத்தில் ஐந்தாறு மணி நேர வேலை எதையும் கெடுக்காது. கெடுக்கும் அளவுக்குப் போனால் அது வழிகாட்டியின் குறை. அவரைப் போய்ப் பார்த்துப் பேசுங்கள்.

மண்டபம், மூன்றாம் ஆண்டு மாணவர்: பவளப் பாறைகளைப் பற்றி ஆய்வு செய்ய நிதி கிடைக்குமா? தீவுகளுக்குப் போகப் படகுச் செலவும் கேட்கலாமா?

நிதி கிடைப்பதைவிட அனுமதி கிடைப்பது கடினம், தம்பி. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்களும் கடல் அட்டைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து ஆய்வகத்தில் வைத்தாலும் வழக்கு வரும். வனத்துறைக்கு முறைப்படி விண்ணப்பித்து, அது மேலே போய்த் திரும்பி வருவதற்குள் உங்கள் பருவம் முடிந்துவிடக்கூடும். முனைவர் பட்ட ஆய்வாளருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரம் உண்டு; உங்களுக்கு ஐந்து மாதம்தான்.

ஆகவே அனுமதி தேவைப்படாத கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள். அரியமான் கரையில் ஒதுங்கும் அறுந்த வலைத் துண்டுகளை வாரம் ஒருமுறை எண்ணி, எந்த வகை வலை, எத்தனை கண்ணி அளவு என்று பிரித்துப் பாருங்கள். கடல்தான் வேண்டும் என்றில்லை என்றால், ஏர்வாடியிலும் வாலிநோக்கத்திலும் ஊருணித் தண்ணீரையும் அதே தெருவின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் மாதந்தோறும் அளந்து ஒப்பிடலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். அதை அளக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் ஊராட்சிக்கே பயன்படும். இப்படிப்பட்ட விண்ணப்பத்தை எந்தக் குழுவும் எளிதில் தள்ளிவிடாது.

பாம்பன், பாசி எடுக்கும் பெண் ஒருவர்: கல்லூரிப் பிள்ளைகள் எங்களோடு கடலுக்கு வருகிறார்கள். எந்தப் பாசி எங்கே இருக்கும் என்று காட்டச் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் மூட்டை பாதிதான் நிறைகிறது. அவர்களுக்கு இதற்குப் பணம் வருகிறதாமே, அதில் எங்களுக்கும் ஏதாவது உண்டா? கேட்பது தவறா?

தவறே இல்லை, அம்மா. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், அதை மாணவர்களும் வழிகாட்டிகளும் படிக்கட்டும் என்பதற்காகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில்தான் நீங்கள் பாசிக்குப் போகிறீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுகிறீர்கள். நீர் ஏறத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை மாணவருக்குக் கொடுத்தால் அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆய்வின் செலவுக் கணக்கில் களப்பணி உதவியாளர் கூலி என்ற தலைப்பு இருக்கிறது. படகோட்டிக்கு அந்தத் தலைப்பில் பணம் எழுதும் வழிகாட்டிகள், பாசி காட்டும் பெண்ணுக்கு எழுதுவதில்லை. அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாசியின் இடத்தையும் பருவத்தையும் அறிந்தவர் நீங்கள். மாணவர் அறிக்கையில் எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அடுத்த முறை அவர்கள் வரும்போது, கடலில் இறங்குவதற்கு முன்பே கரையில் வைத்துக் கூலியைப் பேசிவிடுங்கள். நல்ல நாளில் உங்களுக்குக் கிடைப்பதில் குறைகிற அளவையாவது கேட்க வேண்டும். பணம் வாங்கும்போது வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை எழுதப்படாத வெற்று வவுச்சரில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பெயரையும் படத்தையும் அறிக்கையில் போடலாமா என்று கேட்டுவிட்டே போட வேண்டும் என்பதும், ஆய்வு முடிந்தபின் கண்டதைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்கள் கடமை. வழிகாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

திருவாடானை வட்டாரம், உதவிப் பேராசிரியர்: வாரம் 16 மணி நேர வகுப்பு, விடைத்தாள், தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள் எல்லாவற்றோடும் ஐந்து மாணவர்களின் ஆய்வுக்கும் வழிகாட்டுகிறேன். மாணவருக்கு நிதி தருவதைப் பற்றிப் பேசும் பல்கலைக்கழகங்கள் ஆசிரியரின் நேரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லையே?

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு என் முழு ஆதரவு. இளநிலை ஆய்வில் விலை உயர்ந்த பொருள் ஆசிரியரின் நேரம்தான். மூன்றாம் ஆண்டு மாணவருக்கு மாதிரி எடுக்கவும் தெரியாது, எடுத்த எண்களை என்ன செய்வது என்பதும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுக்காமல், மாணவருக்குச் சில ஆயிரம் ரூபாயை மட்டும் ஒதுக்கிவிட்டு ஆய்வுக் கலாசாரம் வளரவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

இளநிலை மாணவர்கள் ஆசிரியரின் கீழ் ஆய்வு செய்யும் வழக்கம் பெரிய அளவில் தொடங்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே மார்கரெட் மக்விகர் 1969-இல் தொடங்கிய திட்டத்தில் இளநிலை மாணவர் ஆசிரியரின் ஆய்வில் சேர்ந்து, அதற்குப் பாடப் புள்ளியையோ ஊதியத்தையோ பெறலாம். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 1987 முதல் இத்தகைய கோடை ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நான்காண்டுப் பட்டப்படிப்புச் சட்டகம், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் 12 பாடப் புள்ளிகளுக்கு ஆய்வு செய்யலாம் என்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலோ மூன்றாண்டுப் படிப்புதான். நம் மாணவருக்கு நான்காம் ஆண்டு என்று ஒன்று இல்லை. உள்ள மூன்று ஆண்டுக்குள்ளேயே இதற்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும். 75 விழுக்காட்டு வரம்பும் எனக்கு உடன்பாடில்லை. நண்டு வலை கட்டும் வீட்டிலிருந்து வருகிற, 60 விழுக்காடு வாங்குகிற பிள்ளை கரையில் பார்க்கும் பார்வை, 90 வாங்கிய பிள்ளைக்கு வாய்க்காமல் போகலாம்.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது பணிச்சுமைக் கணக்கைத் திருத்துவது. உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி என்ற கணக்குக்குள், நான்கைந்து மாணவர்களின் ஆய்வுக்கு வாரம் இரண்டு மணி நேரத்தைக் கற்பித்தலாகவே ஏற்றுக்கொள்ளலாம். மதிப்பூதியத்தைவிட இது நல்லது என்பேன், ஏனென்றால் மதிப்பூதியம் நேரத்தை உருவாக்காது. கௌரவ விரிவுரையாளர்களின் நிலை மட்டும் வேறு. அரசுக் கல்லூரிகளில் பெருவாரியான வகுப்புகளை எடுப்பவர்கள் அவர்கள். மே மாதத்துக்கு அவர்களுக்கு ஊதியமும் இல்லை. கோடை ஆய்வுக்கு அவர்களை வழிகாட்டிகளாக ஏற்று, அந்த மாதத்துக்கு மதிப்பூதியம் தந்தால் மாணவருக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

இராமநாதபுரம், வரலாற்று மாணவி: எல்லாத் திட்டமும் அறிவியலுக்குத்தானா?

பெரும்பாலும் அப்படித்தான், கலைப் பாடங்களில் நிதி பெரும்பாலும் முனைவர் பட்ட நிலையில்தான் தொடங்குகிறது. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து ஒதுக்கினாலொழிய உங்களுக்கு வழி குறைவு என்பதால், துறை வழியாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் ஆய்வுக்குச் செலவும் குறைவுதான். மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த அழகன்குளம் உங்கள் ஊரிலிருந்து பேருந்துத் தூரம். சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பெரியபட்டினமும் அப்படியே. கீழே கிடக்கும் ஓட்டை எடுக்காமல், அகழாய்வுக்குத் தம் நிலத்தைத் தந்த குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். தேவை ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, பேருந்துக் கட்டணம். ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு தொகை கேளுங்கள்.

பரமக்குடி, பட்டம் முடித்தவர்: நான் எட்டு மாதம் செய்த வேலை, என் வழிகாட்டியின் பெயரில் மட்டும் கட்டுரையாக வந்திருக்கிறது. என்ன செய்வது?

தரவு சேகரித்தும் பகுத்தும் கட்டுரைக்கு உழைத்தவரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. மாணவர் என்பதால் அது தளர்வதில்லை. உங்கள் களக் குறிப்பேடு, தேதியிட்ட மின்னஞ்சல்கள், கல்லூரியில் சமர்ப்பித்த அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு முதலில் வழிகாட்டிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் துறைக்கும் கல்லூரிக்கும் எழுதலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழு இருந்தாக வேண்டும். இதழின் பதிப்பாசிரியருக்கும் எழுதலாம். இனி ஆய்வு தொடங்குபவர்கள், கட்டுரை வந்தால் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் மாதத்திலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கேட்டால் முகம் சுளிக்கும் வழிகாட்டியைத் தவிர்ப்பதும் நல்லது. ஆய்வு நிதியில் பணம் கட்டி எதையாவது அச்சிட்டுத் தருவதாகச் சொல்லும் இதழ்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தங்கச்சிமடம், மாணவர்: நாட்டுப்படகுக்காரர் பில் தரமாட்டார். கணக்கை எப்படிக் காட்டுவது?

தேதி, போன இடம், எதற்காக, தொகை எண்ணாலும் எழுத்தாலும், பெற்றவரின் பெயரும் கையெழுத்தும் அல்லது கைநாட்டும் கொண்ட வவுச்சர் போதும். வழிகாட்டி அதில் சான்றொப்பமிட வேண்டும். தொகை ரூ.5,000-க்கு மேல் போனால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள். பேருந்துச் சீட்டுகளின் அச்சு வெயிலில் மங்கிவிடும் என்பதால் அன்றன்றே படமெடுத்துவிடுங்கள். பணம் உரிய வகையில் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகம்தான் தயாரிக்கும். ஏப்ரல் மாதத் தேர்வு நெரிசலில் கொண்டுபோய்க் கொடுக்காமல், மார்ச் 31-க்கு முன்பே வவுச்சர்களை ஒரு கோப்பில் வரிசையாக ஒட்டிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.